வயிற்றில் பிள்ளையோடு நுரையீரல் சத்திரசிகிச்சை: பிரசவம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் வசிக்கிறோம். இது என் முதற்பிள்ளை, இப்போது 17 வாரம். ஒன்றரை வருடமாக இருமலும் இழுப்பும் இருந்ததால் ஆஸ்துமா என்று எண்ணி பம்ப் பாவித்து வந்தேன். கர்ப்பம் தரித்த பின் இரண்டு தடவை சளியோடு இரத்தம் வந்தது. இரண்டாவது தடவை கடும் காய்ச்சலும் சேர்ந்து, நியூமோனியா என்று ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். சளியைச் சோதித்து, காசநோய் இல்லை என்றார்கள். சீ.ரீ. ஸ்கேனும், மூச்சுக்குழாய்க்குள் கமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பும் செய்த பிறகு, வலது நுரையீரலின் கீழ் மடலுக்குப் போகும் குழாயில் கார்சினொயிட் என்ற கட்டி அடைத்திருப்பதாகவும், அந்த மடல் சுருங்கிவிட்டதாகவும் சொன்னார்கள். கொழும்பில் உள்ள சத்திரசிகிச்சை நிபுணர் 20 வாரமளவில் அந்த மடலை எடுத்துவிட வேண்டும் என்கிறார். பிள்ளை பிறக்கும்வரை உடம்பில் கத்தி படவே கூடாது என்கிறார் மாமி. பிள்ளையைக் கலைத்துவிட்டு உன் உயிரைப் பார் என்கிறார் அண்ணா. கணவர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். எடுத்த ஸ்கேன்களால் பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா? மயக்கமருந்தை அது தாங்குமா? நுரையீரலில் ஒரு பகுதி போன பிறகு என்னால் பிரசவத்தில் முக்க முடியுமா? மூதூரில் அம்மா வீட்டில் போய் இருக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு கேள்வி நிற்கிறது. இந்தக் கட்டி இன்னும் ஐந்து மாதம் சும்மா இருக்குமா என்பதே அது. அதற்கு விடை கிடைத்தால் மற்றவற்றுக்கு விடை சொல்வது எளிது. உங்கள் படங்களையும் அறிக்கைகளையும் நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே இறுதி முடிவு உங்களைப் பார்க்கும் வைத்தியர்களுடையதும் உங்களுடையதுமே. ஆனால் நீங்கள் எழுதிய விபரங்களை வைத்துப் பார்க்கும்போது, அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் சொன்ன காலம் சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஏன் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் விளங்காமல் சம்மதக் கையொப்பம் இடுவது உங்களுக்கு நிம்மதி தராது.

கார்சினொயிட் கட்டி நுரையீரலில் வரும் கட்டிகளுள் அரிதானது. புற்றுநோய் வகையைச் சேர்ந்ததாயினும் பெரும்பாலும் மிக மெதுவாக வளர்வது. புகைப்பழக்கம் இல்லாத இளவயதினருக்கும் வருவது. சாதாரண வகைக் கார்சினொயிட் முழுமையாக அகற்றப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகள் கடந்தும் நலமாக இருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னர் கீமோதெரபி போன்ற கடுமையான மருந்துகளும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. மூச்சுக்குழாயை உள்ளிருந்து அடைப்பதால் இழுப்பு வருகிறது. அதனாலேயே பலருக்கு இது நெடுங்காலம் ஆஸ்துமா என்ற பெயரில் மறைந்திருக்கும். நம் நாட்டில் இரத்தம் கலந்த சளி என்றால் முதலில் காசநோயைத் தேடுவதும் சரியான வழக்கமே. நீங்கள் எதையும் அலட்சியம் செய்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

இதே கட்டி, இருமலோ இரத்தமோ இல்லாமல், வேறு எதற்காகவோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரிந்திருந்தால், உங்கள் மாமி சொல்வதையே நானும் சொல்லியிருப்பேன்: பிள்ளை பிறக்கட்டும், ஆறுதலாகப் பார்க்கலாம் என்று. உங்கள் நிலை அதுவல்ல. கட்டி குழாயை அடைத்துவிட்டது. அடைப்புக்குப் பின்னால் தேங்கிய சளியில் கிருமி வளர்ந்து ஒருமுறை நியூமோனியாவும் வந்துவிட்டது. இரண்டு தடவை இரத்தம் கசிந்திருக்கிறது. கார்சினொயிட் இரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி. கர்ப்பகாலத்தில் தாயின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு படிப்படியாக 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இரண்டு முறை கசிந்த இடம் மூன்றாம் முறை எவ்வளவு கசியும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. அது 20ஆம் வாரத்தில் நடப்பதற்கும் 32ஆம் வாரத்தில் நடப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கருப்பை வளர வளர உதரவிதானம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் மேலே தள்ளப்படுகிறது, மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் சேமிப்பாக நிற்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, உடலின் ஒட்சிசன் தேவையோ 20 சதவீதம் அளவில் கூடுகிறது. சேமிப்புக் குறைந்து செலவு கூடிய அந்த நாட்களில் அவசரமாக, இரத்தப்போக்கின் நடுவே, நள்ளிரவில் செய்யப்படும் சத்திரசிகிச்சைதான் தாய்க்கும் பிள்ளைக்கும் உண்மையான ஆபத்து. உங்கள் வைத்தியர் தவிர்க்க நினைப்பதும் அதைத்தான்.

20 வாரமளவில் என்று அவர் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் காலம் முதல் மூன்று மாதங்களோடு முடிந்துவிடுகிறது. கருப்பை இன்னும் தொப்புள் மட்டத்தைத் தாண்டியிருக்காது. சத்திரசிகிச்சையைத் தொடர்ந்து பிரசவ வலி முன்கூட்டியே தொடங்கும் வாய்ப்பும் பிந்திய மாதங்களைவிட இப்போது குறைவு. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரியும் மயக்கமருந்தியல் சங்கமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட கருத்து இதைத் தெளிவாகச் சொல்கிறது: தேவையான சத்திரசிகிச்சையைக் கர்ப்பத்தைக் காரணம் காட்டி எந்த மாதத்திலும் மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது, அவசியமற்றதைப் பிரசவத்துக்குப் பின்னர் செய்ய வேண்டும். உங்களுடையது முதல் வகை. இருந்தாலும் ஒரு கேள்வியை நீங்கள் நிபுணரிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஸ்கோப் வழியாகக் குழாயினுள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் அகற்றி, அடைப்பைத் திறந்து, பிரசவம் வரை நாட்களைக் கடத்த முடியுமா என்று கேளுங்கள். சிலருக்கு அது முடியும். கட்டியின் பெரும்பகுதி குழாய்ச் சுவருக்கு வெளியே இருந்தாலோ, தொட்டால் அதிகம் இரத்தம் கசியக்கூடியதாக இருந்தாலோ முடியாது. அவர் ஏன் அந்த வழியைத் தெரிவு செய்யவில்லை என்பதற்கு உங்கள் ஸ்கேனில் விடை இருக்கும், படத்தைக் காட்டியே விளக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணா சொன்னதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். அவர் உங்கள் மீதுள்ள பாசத்தில் சொல்கிறார். ஆனால் கர்ப்பத்தைக் கலைப்பதால் இந்தக் கட்டி சுருங்காது, சத்திரசிகிச்சையின் தேவையும் மாறாது. இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. உங்கள் கட்டியின் சிகிச்சைக்கு அது தேவைப்படவில்லை. வெளியே யாரிடமாவது இரகசியமாகப் போவது, இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் வரக்கூடிய இன்னொரு ஆபத்தை நீங்களே தேடிக்கொள்வதாகிவிடும். அந்த வழி வேண்டாம்.

எடுத்த ஸ்கேன்களைப் பற்றி மனம் குழம்ப வேண்டாம். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் பிள்ளைக்குப் போய்ச்சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிறேக்கு மேற்படாது. மார்புச் சீ.ரீ. ஸ்கேனில் அது 0.01 முதல் 0.66 மில்லிகிறே வரை. ஒரு படமும் எடுக்காத தாயின் வயிற்றுப் பிள்ளைக்கே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயல்பாக வரும் கதிர்வீச்சு ஒன்பது மாதத்தில் 0.5 முதல் 1 மில்லிகிறே வரை சேர்கிறது. பிள்ளைக்குத் தீங்கு பற்றிப் பேசத் தொடங்குவது 50 மில்லிகிறே என்ற அளவுக்கு மேல்தான். நீங்கள் எடுத்தது மார்பில், பிள்ளை இருப்பது வயிற்றில். அந்தப் படம் இல்லாமல் உங்கள் நோய் இன்னும் ஆஸ்துமாவாகவே நீடித்திருக்கும். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் போன்றவற்றை மட்டும் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

இனி மயக்கமருந்து. இன்று வழக்கமான அளவில் பயன்படுத்தப்படும் மயக்கமருந்துகள் எவையும் மனிதக் கருவில் அங்கக்குறைவை உண்டாக்குவதாகக் காட்டப்படவில்லை. பிள்ளையைப் பொறுத்தவரை மருந்தின் பெயரைவிட முக்கியமானவை இரண்டு: உங்கள் இரத்தத்தில் ஒட்சிசன் குறையாமல் இருப்பது, உங்கள் இரத்த அழுத்தம் விழாமல் இருப்பது. இந்தச் சத்திரசிகிச்சையில் வலது நுரையீரலைக் காற்றில்லாமல் ஓய்வில் விட்டு, இடது நுரையீரலால் மட்டும் சிறிது நேரம் சுவாசிக்க வைப்பார்கள். சாதாரண நோயாளிகளில் அந்நேரத்தில் கரியமில வாயு சற்று உயர்ந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். கர்ப்பிணித் தாயில் அதை உயரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒட்சிசன் அளவை 95க்குக் கீழே விடக்கூடாது. இவை மயக்கமருந்து நிபுணருக்குத் தெரிந்த விடயங்களே. ஆனால் சத்திரசிகிச்சைக்கு ஒரு நாள் முன்பல்ல, இயன்றவரை முன்கூட்டியே அவரைச் சந்திக்க வாய்ப்புக் கேளுங்கள். கட்டி கார்சினொயிட் என்பதையும், எப்போதாவது முகம் திடீரென்று சிவந்து சூடேறுவது, காரணமில்லாத வயிற்றோட்டம் போன்றவை இருந்ததா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அரிதாக இக்கட்டி சுரக்கும் இரசாயனங்களுக்கு எதிரான மருந்தை அவர் தயாராக வைத்திருப்பார்.

ஒரு விடயத்தில் உங்களுக்கு அனுகூலம் இருக்கிறது. வலது பக்கச் சத்திரசிகிச்சைக்கு உங்களை இடது பக்கம் சரித்துப் படுக்க வைப்பார்கள். கர்ப்பிணித் தாய்மாரை இடப்பக்கம் படுக்கச் சொல்வதற்குக் காரணமான பெரிய நாளத்தின் மீதான அழுத்தம், அந்நிலையில் தானாகவே தவிர்க்கப்படுகிறது. சத்திரசிகிச்சைக்கு முன்பும் பின்பும் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டுப் பதிவார்கள். 24 வாரத்தைத் தாண்டிவிட்டால் இந்தக் கண்காணிப்பு இன்னும் விரிவாக வேண்டியிருக்கும், பிள்ளை முன்கூட்டிப் பிறந்தால் வைத்துப் பார்க்கும் வசதியும் அருகில் வேண்டியிருக்கும். நாளைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆபத்து முற்றாக இல்லை என்று நான் எழுதினால் அது பொய். எந்தப் பெரிய சத்திரசிகிச்சையிலும் கருச்சிதைவுக்கோ குறைமாதப் பிரசவத்துக்கோ ஒரு வாய்ப்பு இருக்கிறது. எனினும் அந்த வாய்ப்பைக் கூட்டுவது பெரும்பாலும் கிருமித்தொற்றும் ஒட்சிசன் குறைவும் இரத்த இழப்பும்தான். இவை மூன்றும் சத்திரசிகிச்சை செய்யாமல் விட்டாலும் உங்களைத் தேடி வரக்கூடியவை.

நுரையீரலில் ஒரு பகுதி போன பிறகு முக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து 19 கூறுகள் இருப்பதாகச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கணக்கிடுகிறார்கள். வலது கீழ் மடலில் 5 கூறுகள். அதை எடுத்தால் 14 எஞ்சும். கணக்குப்படி நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போகிறது. ஆனால் உங்கள் கீழ் மடல் ஏற்கெனவே அடைபட்டுச் சுருங்கிக் கிடக்கிறது, அதில் இப்போது காற்றே போவதில்லை. நீங்கள் இன்று மாடிப்படி ஏறுவதும் வீட்டு வேலை செய்வதும் அந்த 14 கூறுகளின் பலத்தில்தான். ஆகவே சத்திரசிகிச்சைக்குப் பின் உங்கள் மூச்சு இன்றைய நிலையைவிடப் பெரிதாகக் குறைய இடமில்லை. தொற்று நீங்குவதால் சிலருக்கு மேம்படுவதும் உண்டு. இயற்கையான பிரசவத்துக்கு மடல் அகற்றப்பட்டது தனியே ஒரு தடை அல்ல. முள்ளந்தண்டில் போடும் வலிநிவாரண ஊசி கிடைத்தால் பிரசவ நேரத்தில் மூச்சின் மீதான பளு வெகுவாகக் குறையும். சிசேரியன் தேவையா என்பதை மகப்பேற்று நிபுணர் வழக்கமான காரணங்களை வைத்தே தீர்மானிப்பார்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் வாரத்தைப் பற்றித்தான் தாய்மாரிடம் நான் அதிகம் வலியுறுத்துவது. நெஞ்சறையிலிருந்து காற்றையும் திரவத்தையும் வெளியேற்ற ஒரு குழாய் சில நாட்கள் இருக்கும். விலா எலும்புகளின் நடுவே வெட்டியிருந்தால் வலி கடுமையாக இருக்கும், கமராவழிச் சத்திரசிகிச்சையானால் சற்றுக் குறைவு. பிள்ளைக்குக் கூடாது என்று பயந்து வலிமருந்தை மறுக்கும் தாய்மார் இருக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். வலியுள்ளவர் ஆழமாக மூச்செடுக்க மாட்டார், இருமிச் சளியை வெளியேற்ற மாட்டார், மூன்றாம் நாள் நியூமோனியா வந்துவிடும். அதுதான் பிள்ளைக்குக் கூடாது. பரசிற்றமோல் கொடுக்கலாம். முதுகுப்புறம் நரம்பருகே மருந்து விடும் மெல்லிய குழாய் மிக நல்லது. தேவைப்பட்டால் சில நாட்களுக்கு மோர்பின் வகை மருந்தும் கொடுக்கலாம். தவிர்க்க வேண்டியது டைக்ளோபெனக், இபுபுரோபன் வகை மாத்திரைகளை. அவை 20 வாரத்துக்குப் பின் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. பாமசியில் கேட்டதும் எளிதாகக் கிடைப்பவை என்பதால் வீடு திரும்பிய பின்னும் கவனமாக இருங்கள். கால்களில் இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது, பயமின்றிப் போட்டுக்கொள்ளலாம். இயன்றால் மறுநாளே எழுந்து நடக்க வேண்டும். மூச்சுப் பயிற்சியை அங்கே போய்க் கற்பதைவிட இப்போதே வீட்டில் தொடங்குவது நல்லது: நிமிர்ந்து உட்கார்ந்து ஆழமாக மூச்சை இழுத்து, சில நொடிகள் நிறுத்தி, மெதுவாக விடுங்கள், ஒரு தடவைக்குப் பத்து மூச்சு, பகலில் மணிக்கொரு தடவை. இரத்தம் வரும் நாட்களில் மட்டும் இதை நிறுத்தி வையுங்கள்.

இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் இரத்தத்தைப் பெருக்குங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல், முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேநீர் இல்லாமல், தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். திரிபோஷாவைப் பங்கிட்டுக் கொடுத்துவிடாமல் நீங்களே உண்ணுங்கள். மீனும் முட்டையும் கீரையும் தாராளமாகச் சேருங்கள். விறகடுப்புப் புகை, நுளம்புச்சுருள், சாம்பிராணி ஆகியவற்றிலிருந்து விலகியிருங்கள். பிள்ளை பிறந்த பின்னும் தாய்க்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை இம்முறை விட்டுவிடும்படி மாமியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூதூருக்கு இப்போது போக வேண்டாம். அங்கே ஆதார வைத்தியசாலை இருக்கிறதுதான், அம்மாவின் கைச் சோறும் மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் உங்களுக்கு இரத்தம் வந்தால், மகப்பேற்று நிபுணரும் மயக்கமருந்து நிபுணரும் இரத்த வங்கியும் ஒரே இடத்தில் உள்ள திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு விரைவாக வந்து சேர வேண்டும். அம்மாவை நிலாவெளிக்கு வரச் சொல்லுங்கள். சளியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் சுத்த இரத்தம் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வண்டி வரும்வரை வலது பக்கம் சரிந்து படுங்கள். கர்ப்பிணி இடது பக்கம் படுக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், நானும் மேலே அதைத்தான் எழுதினேன். ஆனால் இரத்தம் வரும் அந்த வேளைக்கு மட்டும் விதி வேறு. கசியும் நுரையீரல் கீழே இருந்தால்தான் இரத்தம் நல்ல நுரையீரலுக்குள் இறங்காது. இதைக் கணவருக்கும் மாமிக்கும் செய்து காட்டுங்கள்.

மார்புச் சத்திரசிகிச்சை வெலிசறைச் சுவாசநோய் வைத்தியசாலையில் நடக்கப்போகிறதா, கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலா என்று நீங்கள் எழுதவில்லை. எங்கே என்றாலும் அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. கேட்க வேண்டியது, மகப்பேற்று நிபுணர் அந்த வளாகத்திலேயே இருப்பாரா, அருகிலுள்ள வைத்தியசாலையிலிருந்து வந்து பார்ப்பாரா, இரவில் வயிற்று வலி தொடங்கினால் யாரை அழைப்பார்கள் என்பதே. சத்திரசிகிச்சை, மயக்கமருந்து, மகப்பேற்று நிபுணர்கள் மூவரும் ஒரு தடவையாவது சேர்ந்து பேசி, அந்த முடிவு எழுத்தில் உங்கள் கர்ப்பிணிப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பது அவமரியாதை ஆகாது. திரும்பி வரும்போது பஸ் வேண்டாம். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பாதை, வாகனம் ஒன்று பிடித்து, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் இறங்கிச் சற்று நடந்து வாருங்கள். எப்போது புறப்படலாம் என்பதைக் குழாய் எடுத்த பின் எடுக்கும் எக்ஸ்ரேயைப் பார்த்து அவர்களே சொல்வார்கள்.

மாமியை எதிர்த்துப் பேசி முடிவெடுக்க வேண்டாம், அவரை விட்டுவிட்டும் முடிவெடுக்க வேண்டாம். அவர் அஞ்சுவது பேரப்பிள்ளைக்காக. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவை ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லி, அவர் முன்னிலையில் இந்தப் பதிலை வாசித்துக் காட்டலாம். அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் அழைத்துச் சென்று, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வையுங்கள். அவருக்குள்ள சந்தேகங்களை அவரே வைத்தியரிடம் கேட்கட்டும்.

பால் கொடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கொடுக்கலாம். பிரசவ வேளைக்குள் காயம் ஆறியிருக்கும். வலது விலாப்பக்கம் இழுவை இருந்தால் பிள்ளையை மடியில் கிடத்தாமல், நீங்கள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொடுங்கள். எடுத்த மடலின் ஆய்வு அறிக்கை சில வாரங்களில் வரும். கட்டி சாதாரண வகையா, நிணநீர்க் கணுக்களில் ஏதும் உண்டா என்பதை அது சொல்லும். அந்த அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, கர்ப்பிணிப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். பிரசவத்துக்குப் பின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டும் என்பதை அதை வைத்தே தீர்மானிப்பார்கள்.